சிரிக்கிற கரடிகள் தீர்ந்துபோன மாரி

கல்லடிப் பாலத்துக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் வீடுவீடாகத் தேடினாலும் பார்சல் அக்காவைப் போலத் துக்கத்தில் தேர்ந்த இன்னொருவரை நீங்கள் கண்டுபிடிக்க முடியாது. பாலத்தின் கீழே மீன் பாடுகிறது என்று ஊரே பெருமைப்பட்டுக்கொண்டிருக்க, "அது பாட்டில்லகா, முறைப்பாடு" என்று சொன்ன ஒரே ஆள் அவர்தான். வெயில் எறித்தால் வறட்சி வரும் என்பார். மேகம் கறுத்தால் வெள்ளம் வரும் என்பார். வெயிலும் மேகமும் அளவாக இருந்து வாவியிலிருந்து இதமான காற்று வீசுகிற நாளில், "சுனாமி வந்த அண்டைக்கும் விடிய இப்பிடித்தான் இரிந்திச்சாம்" என்று சொல்லிவிட்டு, ஒன்றும் நடவாததுபோல உடுப்புக் காயப்போடப் போவார். இவ்வளவு இருட்டையும் தலையில் சுமந்து திரிந்த அந்த மனுஷிதான் எங்கள் மாவட்டத்திலேயே மிக அதிகமான சிரிக்கும் கரடிகளுக்கும் சொந்தக்காரி.

உயிருள்ள கரடிகள் அல்ல. கொரியாவிலிருந்து இணையத்தின் வழியே தருவிக்கப்பட்ட ஸ்டிக்கர் கரடிகள். கன்னம் சிவந்த கரடி, தலையில் மொட்டுப் பூ வைத்த கரடி, கரடிக்குத் துணையாக முயல், முயலுக்குத் துணையாகக் கண்ணும் வாயும் முளைத்த பாண் ரொட்டித் துண்டு. இவற்றை அவர் ஒரு தடித்த கொப்பியில் நாள்தோறும் ஒட்டி, பக்கத்திலே அன்றைய சங்கதிகளை எழுதுவார். அந்தக் கொப்பியை அவர் 'ஜேர்னல்' என்றார்; வீட்டுக்காரி அன்ரி 'டயறி' என்றார்; என் அறைத்தோழி ரிஸானா 'கரடிக் கொப்பி' என்றாள்.

நாங்கள் மூவரும் கல்லடியில் வாவியை ஒட்டிய ஒரு வீட்டின் பின்னறைகளில் வாடகைக்கு இருந்தோம். ரிஸானா ஓட்டமாவடியிலிருந்து கணக்கியல் படிக்க வந்தவள்; மௌனத்தை ஒரு நோயாகக் கருதுபவள். நான் தமிழ் இலக்கிய மாணவி. பேசாமலிருப்பது எனக்குச் சுலபம் என்பதால் அந்த அறையில் எனக்கு எதிரிகள் இருக்கவில்லை. பார்சல் அக்கா எங்களைவிட மூத்தவர், மாங்கேணிக்காரர், முகாமைத்துவ மாணவி. அவருக்கு ஓர் இயற்பெயரும் இருந்தது. விரிவுரை மண்டபத்து வரவுப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அது பயன்படவில்லை. எந்நேரமும் ஒரு பார்சலுக்காகக் காத்திருந்ததால் தபால்காரர் முதலில் அந்தப் பெயரை வைத்தார்; பிறகு அன்ரி, பிறகு நாங்கள், பிறகு அவரே.

ஸ்டிக்கர் வாங்குவதற்கு வங்கி அட்டை வேண்டும். அக்காவிடம் அது இல்லை. காத்தான்குடியில் போன் கடை வைத்திருந்த, நாங்கள் நானா என்று அழைக்கும் ஒரு முஸ்லிம் அண்ணன்தான் தன் அட்டையில் வாங்கிக் கொடுப்பார். அக்கா பின்னேரங்களில் சிறுவர்களுக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்து வந்த பணத்துடன் பஸ் ஏறிப் போவார். ஒருமுறை நானும் கூடப் போனேன்.

"தங்கச்சி," என்றார் நானா, திரையைப் பார்த்து நெற்றியைச் சுருக்கியபடி, "என்னட்ட வாறவங்க வாட்ச் கேக்காங்க, போன் கவர் கேக்காங்க. நீங்க மட்டும்தான் பாணுக்குக் கண்ணு வெச்ச படம் கேக்கிறீங்க. இத என்ன செய்யிற?"

"ஒட்டுற, நானா."

"எங்க?"

"கொப்பியில."

"ஒட்டினா மறுகா கழட்டுவீங்களா?"

"இல்ல."

"அல்லாஹ்," என்று மூச்சுவிட்டு, பொத்தானை அழுத்தினார்.

வாங்கியபின் தொடங்கும் பின்தொடர்தல். பார்சல் எந்த ஊரில் நிற்கிறது என்று போனிலே பார்க்கலாம் அல்லவா? சாதாரண மனிதர்கள் எப்போதாவது பார்ப்பார்கள். பார்சல் அக்கா, பயணம் போன நெருங்கிய உறவினரைப் பற்றி விசாரிப்பதுபோல விசாரிப்பார். காலையில் பல் துலக்கிக்கொண்டே, "கொரியாவால வெளிக்கிட்டுட்டுதாம்" என்பார். இடியப்பம் பிசையும்போது, "சிங்கப்பூர்ல நிக்குதாம். அங்க இடி முழக்கமாம், பாவம்" என்பார். எந்தப் பார்சலும் தன்னிடம் வந்துசேரும் என்று அவர் நம்பியதே இல்லை. புறப்பட்ட நாளிலேயே அதற்கு இரங்கல் தெரிவித்துவிடுவார். பிறகு அது பத்திரமாக வந்து, தபால்காரர் சைக்கிள் மணியடித்துக் கையில் கொடுக்கும்போது, அவருடைய முகத்தில் ஒரு சிறிய ஏமாற்றம் தோன்றும். துக்கத்தை வீணாகச் செலவழித்துவிட்ட ஏமாற்றம் அது.

இவ்வளவு பாடும் எதற்காக என்று நான் கேட்கவில்லை; கேட்கும் பழக்கம் எனக்கில்லை. ரிஸானா முதல் நாளே கேட்டுவிட்டாள். அக்காவும் மறைக்கவில்லை.

அக்காவின் தாயார் குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தார். தகப்பன் அக்காவின் சிறு வயதிலேயே இல்லை. வீட்டில் தாயும் மகளுமாய் இருவர்தான். தாயார் முதல் தடவை போனபோது, அக்கா போனில் ஒருநாள் அழுதுவிட்டார். அழுத காரணம்கூடப் பெரிதல்ல. ஒரு பரீட்சையோ ஒரு காய்ச்சலோ. தாயார் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, ஒப்பந்தம் முடியுமுன்னரே பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். மாங்கேணியில் அவர்கள் கட்டத் தொடங்கிய வீடு கூரையில்லாமல் நின்றது. அந்த ஆண்டு மாரி முழுவதும் மழை நேரே வீட்டுக்குள் பெய்தது. சுவர்கள் பாசி பிடித்தபின், தாயார் மறுபடி முதலிலிருந்து தொடங்கவேண்டி, மறுபடி குவைத்துக்குப் போனார். போகும்போது சொன்ன வார்த்தை இதுதான்: "நீ கவலையா இரிக்காய் எண்டு தெரிஞ்சா நான் அங்க நிக்கமாட்டன் மகள்."

ஆகவே பார்சல் அக்கா கவலையாக இருப்பது தாயாருக்குத் தெரியக்கூடாது. பிறவியிலேயே கவலையாக இருக்கும் ஒருவருக்கு இது எத்தகைய வேலை என்று எண்ணிப்பாருங்கள்.

குரலால் பொய் சொல்ல அவரால் இயலாது. சிற்றுண்டிச்சாலையில் ஒரு பிளேன்ரீ கேட்டாலே அங்கிருப்பவர் "ஏன் தங்கச்சி, வீட்டில ஏதும் பிரச்சினையா?" என்று விசாரிக்கும் குரல் அவருடையது. அதனால் அழைப்புகளைத் தவிர்த்தார். பரீட்சை என்றார், சிக்னல் இல்லை என்றார். எழுதி அனுப்பினாலோ தாயாரின் போன் கண்ணாடி வெடித்துக் கிடந்தது. "எழுத்தெல்லாம் எறும்பு மாதிரித் தெரியுது மகள். படம் எண்டா விளங்குது" என்று அவரே சொல்லிவிட்டார். வேலை வீட்டில் போனைக் கையில் எடுக்கக் கிடைப்பதும் மதிய வேலை முடிந்தபின் கொஞ்ச நேரம்தான். எனவே அக்கா ஒவ்வொரு நாளும் ஒரு பக்கம் செய்து, அதைப் படமெடுத்து அனுப்பினார். குடையுடன் சிரிக்கும் கரடி என்றால் மழை பெய்தது, மகள் நனையவில்லை. பாணைக் கட்டியணைக்கும் கரடி என்றால் சாப்பிட்டாயிற்று. புத்தகத்தின் மேல் குதிக்கும் முயல் என்றால் படிப்பு நன்றாகப் போகிறது.

முதலில் நகரத்துக் கடைகளில் கிடைத்த ஸ்டிக்கர்களைத்தான் முயன்று பார்த்திருக்கிறார். அங்கே கிடைத்தவை ரோசாப்பூக்கள், கிரிக்கெட் வீரர்கள், கற்றல் உபகரணமாக அச்சிட்ட பழவகைகள். ஒருநாள் அவசரத்துக்கு ஓர் அன்னாசியை ஒட்டி அனுப்ப, தாயார் பதறிப்போய்க் குரல் செய்தி அனுப்பினார்: "மகள், ஏன் அன்னாசி? வயித்தில ஏதுமா? டொக்டரிட்டப் போனியா?" அன்றைக்கே அக்கா கொரியா பக்கம் திரும்பினார்.

கொரியக் கரடிகளிலும் சிக்கல் இல்லாமலில்லை. அவை பனி பெய்யும் நாட்டுக் கரடிகள். கழுத்தில் சால்வை சுற்றியிருக்கும். தாயார் உடனே, "காய்ச்சலா மகள்? கழுத்தில துணி கட்டியிரிக்காய்?" என்று கேட்டார். அதன்பின் அக்கா நகம் வெட்டும் கத்தரியால் ஒவ்வொரு கரடியின் சால்வையையும் வெட்டியெடுப்பதை நான் பார்த்திருக்கிறேன். சத்திரசிகிச்சை செய்பவரின் கவனமும், பிணம் அறுப்பவரின் முகமும்.

அந்தப் பக்கங்களை ஓர் இலக்கிய மாணவி என்ற முறையில் நான் வியந்து பார்த்ததுண்டு. தாயாரால் வாசிக்க முடியாது என்பது உறுதியானபின், எழுத்தில் அக்கா எந்தப் பொய்யும் சொல்லவில்லை. தேனைக் கரண்டியால் நக்கிச் சிரிக்கும் கரடிக்குப் பக்கத்தில், "இன்று பருப்பு கருகியது. அதைத்தான் தின்றேன். ருசி தெரியவில்லை" என்று எழுதியிருக்கும். ஊஞ்சலாடும் முயலுக்குக் கீழே, "பஸ்ஸில் ஒருவரும் பக்கத்தில் இருக்கவில்லை" என்றிருக்கும். ஒரே பக்கத்தில் எழுத்து அழும், படம் சிரிக்கும். இரண்டும் ஒன்றையொன்று திரும்பியும் பார்ப்பதில்லை.

அந்த ஸ்டிக்கர் ஷீட்டுகள் ஒவ்வொன்றிலும் மேல் வரிசைகளில் மகிழ்ச்சியான உருவங்களும், கடைசி வரிசையில் கவலையான உருவங்களும் இருக்கும். கண்ணீர் தெறிக்க அழும் முயல், வாயில் வெப்பமானியுடன் படுத்திருக்கும் கரடி, தலைக்கு மேலே தனியொரு மழைமேகத்தை வைத்துக்கொண்டு நிற்கும் பாண் துண்டு. அக்கா மேல் வரிசைகளை மட்டும் உரித்தெடுப்பார். மிஞ்சியதை ஒரு பழைய பிஸ்கட் தகரத்துக்குள் போட்டு மூடுவார். ரிஸானா அந்தத் தகரத்துக்கு, தன் ஊரில் இடுகாட்டைச் சொல்வதுபோல, 'மையவாடி' என்று பெயர் வைத்தாள்.

"ஏன்கா இதுகள அடக்கி வெச்சிரிக்கிறீங்க? குப்பையில வீசுங்களன்," என்று அவள் ஒருநாள் கேட்டாள்.

"வீச மனம் வராது புள்ள. உள்ளதச் சொன்னா இதுகள்தான் என்ட சாயல்."

"அது எண்டாச் சரிதான். அந்த மேகம் வெச்ச பாண் அப்பிடியே உங்கட முகம்."

அக்கா அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "என்னவிட வடிவாத்தான் இரிக்கு," என்று ஒப்புக்கொண்டு தகரத்தை மூடினார்.

ஒருமுறை ஒரு பார்சல் கொழும்பில் சுங்கத்தாரிடம் அகப்பட்டுக்கொண்டது. அக்கா முற்றத்து மாமரத்தின் கீழ் நடந்து நடந்து போனில் மன்றாடிக்கொண்டிருந்தார். "எப்ப விடுவீங்க, சேர்? நாங்க மட்டக்களப்பு, உடன வர ஏலா… ஒரு குற்றமும் இல்ல சேர், திறந்து பாருங்க…" குரல் வழக்கம்போல அழுகையின் விளிம்பில் நின்றது.

சமையலறை யன்னலில் அன்ரி நின்றதை நாங்கள் கவனிக்கவில்லை. அன்ரி மெதடிஸ்த சபைக்காரர், கணவரை இழந்தவர், அதிகம் பேசாதவர். அவர் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். அக்காவைக் கதிரையில் இருத்தினார். தண்ணீர் கொடுத்தார். பிறகு மிக நிதானமாக, பாடம் ஒப்புவிப்பதுபோல, சொல்லத் தொடங்கினார்.

"அழாதீங்க மகள். அழுதா யோசிக்க ஏலா. ஐடென்டி கார்ட் கொப்பி எடுத்து வைங்க. படம் ஒண்டு, கிட்டடியில எடுத்தது. எங்க வெச்சுப் பிடிச்ச, ஆரு பாத்த, என்ன உடுப்பு போட்டிருந்த, எல்லாத்தையும் இப்பவே எழுதுங்க, பின்னுக்கு மறந்துபோகும். தனியப் போகவேணாம், நான் வாறன். ஆமிக் காம்ப் கேட்டுக்குக் கிட்ட இருட்டுப்படமுதல் போகோணும்."

இந்த ஒழுங்கு அவருக்கு எப்படித் தெரியும் என்று ஒருவரும் கேட்கவில்லை. யுத்தத்தில் ஆட்கள் பிடிபட்டுப்போன மட்டக்களப்பில் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

ரிஸானாதான் மெல்லச் சொன்னாள். "அன்ரி… பிடிச்சு வெச்சது ஆளையில்ல. ஸ்டிக்கர். கரடிப் படம்."

எங்களுக்கு நிலம் பிளந்து உள்ளே போகவேண்டும்போல இருந்தது. அன்ரி இன்னொரு கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து கண்களை மூடினார்.

"கரடியெண்டாலும் பிடிச்சு வெச்சாப் பிடிச்சு வெச்சதுதான். ஜெபம் பண்ணுவம்."

கொரியக் கரடிகளின் விடுதலைக்காக உலகத்திலேயே ஏறெடுக்கப்பட்ட ஒரே ஜெபம் அதுவாகத்தான் இருக்கும். ரிஸானாவும் தலையைக் குனிந்திருந்தாள். அந்த வாரமே பார்சல் வந்தது. அக்கா ஒரு சிரிக்கும் கரடியை உரித்து, கேட்காமலே, அன்ரியின் மூக்குக்கண்ணாடிக் கூட்டில் ஒட்டினார். அன்ரி அதைக் கழற்றவில்லை.

பிறகு மாரி வந்தது. அந்த ஆண்டு மழை ஒரு மழையாக இருக்கவில்லை. ஒரு குடியிருப்பாளராக இருந்தது. வாவி முற்றத்துக்கு வந்தது, படிக்கட்டுக்கு வந்தது. முகத்துவாரத்து மணல்திட்டை வெட்டிவிட்டார்கள், தண்ணீர் கடலுக்கு இறங்கிவிடும் என்று அயலவர்கள் சொன்னார்கள். "வெட்டினாலும் கடல் எடுக்காது" என்று அக்கா சொன்னார். கொழும்பு வீதிக்கு மேலாக வெள்ளம் பாய்ந்தது, புகையிரதம் வரவில்லை, தபால்காரரின் சைக்கிள் மணியும் கேட்கவில்லை. அக்காவின் பார்சல் கொழும்பில் இறங்கிவிட்டதாகப் போன் சொன்னது. அதற்குமேல் அது ஒன்றும் சொல்லவில்லை.

ஒருநாள் மதியம் அக்கா எங்கள் முன் வந்து நின்றார். வழக்கமாக எதையும் புலம்பலாகத்தான் தொடங்குவார். அன்று புலம்பல் இல்லாமல் சொன்னார்: "சிரிக்கிறது முடிஞ்சிது."

எங்களுக்கு உடனே விளங்கியது. பழைய ஷீட்டுகளையெல்லாம் கொட்டித் தேடினோம். ஒரு சிரிக்கும் காது, ஒரு வால், வேறொன்றுமில்லை. மையவாடி மட்டும் நிரம்பிக் கிடந்தது.

"ஒரு நாள் அனுப்பாம விட்டா?" என்றாள் ரிஸானா.

"இஞ்ச வெள்ளம் எண்டு அங்க டிவியில காட்டுறாங்களாம். இண்டைக்குப் படம் போகல்லையெண்டா நாளைக்கு அம்மா டிக்கட் கேப்பா. கூரை இன்னும் போடல்ல." அக்கா தகரத்தின் மூடியைப் பார்த்தார். "அழுறதுகளத்தான் அனுப்போணும். அனுப்பினாலும் வருவா."

தீர்வு ரிஸானாவுடையது. அவள் தன் மேசையிலிருந்து டிப்பெக்ஸ் புட்டியை எடுத்து வந்தாள், கணக்குப் பிழைகளை அழிக்கும் வெள்ளை மையை. "கண்ணீர அழிப்பம். வாயத் திருப்பி வரைவம். கணக்கில நான் எவ்வளவ அழிச்சிரிப்பன், ஒரு முயலத் திருத்த ஏலாதா?"

மழை இரைச்சலுக்கிடையில், மின்சாரமும் இல்லாத அந்த அறையில், யன்னல் வெளிச்சத்தில் நாங்கள் மூவரும் முயல்களுக்குச் சிரிப்பு மூட்டினோம். அக்கா புருவம் பிடுங்கும் இடுக்கியால் முயலைப் பிடித்தார். ரிஸானா கண்ணீரை வெள்ளையடித்தாள். கை நடுங்காது என்பதால் சிரிப்பை வரையும் பணி எனக்கு.

ரிஸானா எட்டிப் பார்த்தாள். "இலக்கியம், நீ சிரிக்கிற மாதிரியே வரைஞ்சிரிக்காய். நேர்கோடு. அது சிரிக்குதா, வாயப் பூட்டி வெச்சிரிக்குதா?"

"வளைத்துத்தான் வரைந்தேன்," என்றேன்.

"பாருங்கக்கா, 'வரைந்தேன்'. பேச்சிலயும் பிரிண்ட் எடுக்காள்."

அன்றுதான் பார்சல் அக்கா சிரித்ததை முதன்முதலாகப் பார்த்தேன். சத்தமில்லாத, மூக்கால் மட்டும் வந்த ஒரு சிரிப்பு. உடனே, "இவ்வளவு சிரிச்சா என்னமோ வரப்போகுது," என்று அதற்குப் பரிகாரமும் செய்துகொண்டார். மேகம் வைத்த பாணின் மேகத்தைத் தொப்பியாக மாற்றினோம். காய்ச்சல் கரடியின் வெப்பமானிக்கு ஐஸ்கிறீம் தலை வைத்தோம். பக்கம் தயாரானது. அக்கா படமெடுத்தார், வலையமைப்புத் தவழ்ந்து தவழ்ந்து அதைக் கொண்டுபோனது.

மாலையில் தாயாரின் குரல் செய்தி வந்தது. அக்கா போனைக் காதில் வைக்கவில்லை. பயத்தில் மேசைமேல் வைத்து அழுத்தினார். எல்லோருக்கும் கேட்டது.

"மகள், படம் வந்திச்சு. முயலுக்கெல்லாம் ஏன் முகத்தக் காணல்ல? வெள்ளையாக் கிடக்கு. எல்லாத்துக்கும் முகமில்ல. ஆருக்கு என்ன நடந்த? சொல்லு மகள்."

கொப்பியைத் திறந்து பார்த்தோம். ஈரக்காற்றில் மை காயாமல், நான் வரைந்த சிரிப்புகள் படமெடுக்கும்போதே கரைந்து ஓடியிருந்தன; மங்கிய வெளிச்சத்தில் நாங்கள் அதைக் கவனிக்கவில்லை. வெடித்த போன் கண்ணாடியில் எஞ்சியிருக்கக்கூடியது டிப்பெக்ஸின் வெள்ளை மட்டுமே. தூரத்து நாட்டில் ஒரு தாய், முகமில்லாத முயல்களின் கூட்டமொன்றைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

வாழ்நாள் முழுவதும் விபரீதங்களை முன்கூட்டி அறிவித்துவந்த பார்சல் அக்காவிடம், விபரீதம் வந்தபோது சொல்வதற்கு ஒரு சொல்லும் இருக்கவில்லை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். அன்ரி சோறு கொண்டுவந்து வைத்தார், அது ஆறியது.

"கோல் எடுத்துக் கதையுங்க மகள்," என்றார் அன்ரி.

"என்ட குரலக் கேட்டா வெளிக்கிட்டிருவா அன்ரி. எனக்குச் சிரிக்கிற குரல் இல்ல."

அந்த இரவும் போனது. மறுநாளும் மழை விடவில்லை. அக்கா எதையும் அனுப்பவில்லை. மாலையாகும்போது போன் ஒருமுறை அதிர்ந்தது.

ஒரு படம். புறங்கை ஒன்று. சலவைத்தூளில் வெந்து, வெடித்து, நகங்கள் தேய்ந்த கை. அந்தக் கையின் நடுவில் ஒரு சிறிய மஞ்சள் முகம் ஒட்டப்பட்டிருந்தது. குழந்தைகளுக்கான ஸ்டிக்கர். வேலை செய்கிற வீட்டுப் பிள்ளையிடம் கேட்டு வாங்கியதாக இருக்கவேண்டும். அந்த முகம் அழுதுகொண்டிருந்தது.

கீழே குரல் செய்தி. அக்கா அதை அழுத்த மறந்து படத்தையே பார்த்துக்கொண்டிருக்க, ரிஸானாதான் விரலை நீட்டி அழுத்தினாள்.

"மகள், இதத்தான் மறைச்சனியா? வெள்ளையடிச்சதுக்கு மேலால கண்ணீர்த் துளி ஒண்டு தெரியுது, இண்டைக்கு வெளிச்சத்தில கொண்டுபோய்ப் பாத்தன். எனக்கும் இண்டைக்கு இதுதான். இவ்வளவு நாளும் உன்ட கரடியெல்லாம் சிரிச்சுச் சிரிச்சு வந்திச்சே, அதப் பாத்து நான் என்ன நினைச்ச தெரியுமா? நான் இல்லாமலும் என்ட புள்ள நல்லாத்தான் இரிக்காள், என்னை அவள் தேடல்ல எண்டு நினைச்சு, குசினிக்குள்ள போய்ப் போய் அழுத. இனிச் சிரிக்கிறத அனுப்பாத. எனக்கு அதப் பாக்க ஏலா."

அக்கா அழைத்தார். எங்களுக்கு முன்னாலேயே அழைத்தார். "அம்மா" என்ற ஒரு சொல்தான் வெளியே வந்தது. அதன்பின் வந்தது சொல் அல்ல. நானும் ரிஸானாவும் எழுந்து வெளியே போக முயன்றோம். கதவில் அன்ரி நின்றதால் போக முடியவில்லை. போனில் தாயாரும் அழுதார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கண்டிப்பாகச் சொன்னார்: "நான் வரமாட்டன். கூரை போட்டுட்டுத்தான் வருவன். நீ அழு. அழுது முடிச்சுட்டுச் சாப்பிடு. என்ன கறி?"

"கீரையும் முட்டையும்," என்று அக்கா விக்கலுக்கிடையில் சொன்னார்.

"முட்டைய விடாமத் தின்னு."

அதன்பின் மையவாடி திறக்கப்பட்டது. புதைக்கப்பட்டவர்கள் ஒவ்வொருவராக எழுந்துவந்து பக்கங்களில் இடம்பிடித்தார்கள். காய்ச்சல் கரடிகள், மேகப் பாண்கள், கண்ணீர் முயல்கள். தாயாரும் தன் பங்குக்குப் புறங்கையில் எதையாவது ஒட்டிப் படமனுப்புவார். சில நாட்களில் அழும் முகம், சில நாட்களில் கோப முகம், ஒருநாள் காரணமேயில்லாமல் ஓர் அன்னாசி. வெள்ளம் வடிந்தபின் பார்சலும் வந்தது. தபால்காரர் அதை நீட்டியபடி, "சந்தோஷம்தானே தங்கச்சி?" என்றார். அக்கா பிரித்துப் பார்த்து, "அழுறது ஒரு வரிசைதான் வெச்சிரிக்கான். எப்பிடிக் காணும்?" என்றார்.

மாங்கேணி வீட்டுக்குக் கூரையும் ஏறி, ஒப்பந்தமும் முடிந்து தாயார் திரும்பிய நாளை அக்கா எங்கள் அறையில்தான் கழித்தார். விமான நிலையத்துக்கு மாமன் முறையான ஒருவர் வான் வண்டி கொண்டு போயிருந்தார். விமானங்களையும் போனில் பின்தொடரலாம் என்பதை அக்கா அன்று கண்டுபிடித்தார். எங்களுக்குக் காலையிலிருந்து அமைதியில்லை. "குவைத்தால எழும்பிட்டுதாம்." "கடலுக்கு மேல நிக்குதாம், அசையல்ல." "கொழும்புக்கு மேல சுத்துதாம். இறங்கமாட்டுது எண்டு நினைக்கிறன்." இறங்கியபின்னும், "சுங்கத்தில பிடிச்சு வெச்சிருப்பாங்களோ?" என்றார். அன்ரி தையல் வேலையிலிருந்து தலையை உயர்த்தி, "கதிரையக் கொண்டு வரவா?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் கதிரையும் வந்தது.

தாயார் வாசலில் வந்து இறங்கியபோது பார்சல் அக்கா ஓடவில்லை. படியில் நின்று, தலையிலிருந்து கால்வரை, சேதம் பார்ப்பதுபோலப் பார்த்தார். "நல்லா மெலிஞ்சிட்டீங்க," என்றார். "நீ மட்டும்?" என்றார் தாயார். அவ்வளவுதான். இருவர் குரலும் ஒரே குரல் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

படிப்பு முடிந்து மாங்கேணிக்குப் போகும்போது அக்கா எனக்கொரு பொட்டலம் தந்தார். உள்ளே, இப்போது மிஞ்சிப்போன சிரிக்கும் கரடிகள். "உனக்குத்தான் தேவைப்படும் புள்ள. உன்ட நேர்கோட்ட நம்ப ஏலா." கூடவே அந்த வெள்ளையடித்த முயல்களில் ஒன்று. டிப்பெக்ஸ் இப்போது காய்ந்து உதிரத் தொடங்கிவிட்டது. பழைய கண்ணீர் மெல்ல வெளியே தெரிகிறது. என்னுடைய கோணல் சிரிப்பும் பாதி நிற்கிறது. நான் அதைத் திருத்தவில்லை.

அவருடைய அறையில் இப்போது வேறொரு மாணவி இருக்கிறாள். நல்ல பெண், மழை பெய்தால் மழை பெய்கிறது என்று மட்டும் சொல்கிறாள். எனக்கு எங்கிருந்தும் எதுவும் வருவதற்கில்லை. நான் எதையும் வாங்குவதுமில்லை. ஆனாலும் வாசலில் சைக்கிள் மணி கேட்டால் முதலில் எழுந்து போகிறவள் நான்தான்.